வில்லன் பெயரில் ஒரு பள்ளிக்கூடம்

கனடாவில் மில்டன் என்று ஓர் ஊர். அங்கே 2010-இல் திறந்த ஓர் அரசுப் பள்ளியின் பெயர் டைகர் ஜீத் சிங் பள்ளி. அவர் விஞ்ஞானி இல்லை, கவிஞர் இல்லை. தலைப்பாகையும் வாயில் கவ்விய வாளுமாக மேடையேறி, எதிராளியை ரத்தம் வர அடித்த மல்யுத்த வில்லன்.

பஞ்சாபில் பிறந்து இளவயதில் கனடா போனவர், பேரெடுத்தது ஜப்பானில். 1973-இல் டோக்கியோவின் ஷின்ஜுகு கடைத்தெருவில், ஜப்பானியர் கொண்டாடிய மல்யுத்த வீரர் அன்டோனியோ இனோகியை நடுக்கூட்டத்தில் பாய்ந்து அடித்தார். அந்தப் பகையை மேடையில் பார்க்க ஜனம் திரண்டது. இனோகி பின்னால் முகமது அலியோடு மோதினார், 1989-இல் நாடாளுமன்ற மேலவைக்கும் போனார். அப்படியொரு நாயகன் உருவாக, ஊரே திட்டும் ஒருவன் எதிரே நிற்க வேண்டியிருந்தது.

"எல்லாம் பேசி வெச்ச ஆட்டந்தானே சார்?" என்று என் பழைய மாணவர்கள் பழனி அடிவாரத்து டீக்கடையில் மடக்குவார்கள். முடிவைப் பேசி வைப்பார்கள்தான். ஆனால் நாற்காலி அடியும், கயிற்றுக்கு வெளியே வெறுந்தரையில் விழுவதும் உடம்புக்குத்தான் தெரியும். உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தவன் சொல்கிறேன், விழக் கற்றுக்கொடுப்பதுதான் கஷ்டம். மல்லாந்து விழும்போது முகவாயை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளாவிட்டால் பின்மண்டை தரையில் மோதும். இது தெரியாமல் டிவியைப் பார்த்துக் கட்டிலிலிருந்து தம்பி மேல் குதித்துக் கையை ஒடித்துக்கொண்ட பையன்களை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருக்கிறேன். ரத்தத்தைக் காட்டிக் காசு பார்க்கும் வழக்கத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை.

ஆனாலும் அந்தப் பள்ளிக்கு அந்தப் பெயர் சரி என்பேன். அந்த ஊரிலேயே குடியிருந்து, கிறிஸ்துமஸ் வந்தால் இல்லாதவர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பொம்மை திரட்டிக் கொடுப்பவர் அவர். வில்லனுக்கு மரியாதையா என்று மற்றவர்கள் கேட்கலாம், பழனிக்காரர்கள் கேட்கக் கூடாது. முருகனோடு சண்டைக்கு நின்று மாண்டு, மீண்டும் உயிர்பெற்ற இடும்பனுக்கு நம் மலைப்பாதையில் சந்நிதி இருக்கிறது. அவனைக் கும்பிட்டுவிட்டுத்தானே மேலே ஏறுகிறோம்?

நம் ஊர்ப்பக்கம் தெருவுக்கும் பஸ் நிலையத்துக்கும் தலைவர்கள் பெயரே போதவில்லை என்கிற மாதிரி வைக்கிறார்கள். கபடி ஆடி முழங்காலைத் தொலைத்தவர்கள் எத்தனையோ பேர், பையன்களுக்கு அவர்களை யாரென்றே தெரியாது. அடுத்து ஒரு மைதானம் கட்டிப் பெயர் தேடினால் என்னிடம் கேட்கட்டும். நாலு பேரைச் சொல்வேன். அதில் இரண்டு பேர் ஆட்டத்தில் பொல்லாத சண்டைக்காரர்கள்.