பரணில் கிடக்கும் அரசு லேப்டாப்

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். திருவள்ளூரை ஒட்டிய காக்களூரில்தான் அன்றைய முதல்வர் ஜெயலலிதா மாணவர்களுக்கு லேப்டாப் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கியதும் அதே நாளில்தான். பின்வந்த ஆண்டுகளில் மாநிலம் முழுக்கக் கொடுத்த லேப்டாப்கள் 50 லட்சத்தைத் தாண்டின. கிரைண்டர் பல வீடுகளில் இன்னும் ஓடுகிறது. லேப்டாப் பரணில் ஏறிவிட்டது.

எங்கள் திருவாலங்காட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் பல வீடுகளுக்குள் நுழைந்த முதல் கணினி அதுதான். நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பங்களின் பிள்ளைகள் கல்லூரி ப்ராஜெக்ட் அடித்தது அதில்தான். அதைப் பழைய இரும்புக்குப் போடுகிறேன் என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு கேட்பதில்லை. கொஞ்சம் கொடுங்கள், திறந்து பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கி வைத்துக்கொள்வேன்.

எங்கள் தெரு அக்கா ஒருவர் அப்படித்தான் ஒன்றைக் கொண்டுவந்தார். "தம்பி, இத ஆன் பண்ணிட்டு உலை வச்சா சோறே வெந்துடுது, இது இன்னும் வரல. பாப்பா காலேஜ் போட்டோ எல்லாம் இதுலதான் இருக்கு. அது மட்டும் போயிடக் கூடாது."

போட்டோ எதுவும் போகவில்லை. இந்த மெஷின்களில் பெரும்பாலும் பிராசசர் நன்றாகவே இருக்கும். தாமதத்துக்குக் காரணம் ஹார்டு டிஸ்க். நிமிடத்துக்கு 5,400 சுற்று, அதாவது நொடிக்கு 90. வேண்டிய தகவல் தட்டின் மறுபக்கத்தில் இருந்தால், அது சுற்றி வரும்வரை முள் காத்திருக்க வேண்டும். ஒரு தடவை காத்திருப்பது சில மில்லி நொடிதான். விண்டோஸ் எழும்போது அப்படி ஆயிரக்கணக்கான தடவை. தொடக்க கால லேப்டாப்களில் ராம் 2 ஜிபி. அது நிரம்பிவிட்டால் மிச்சத்தை டிஸ்க்கில் எழுதி எழுதி எடுக்கும். சின்ன மேசையில் இடமில்லாமல் ஒவ்வொரு புத்தகத்துக்கும் அலமாரிக்கு எழுந்து போய் வருகிற பிள்ளை மாதிரி.

ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக மாட்டுகிற எஸ்எஸ்டி-யில் சுற்றுகிற பாகமே இல்லை. பழைய டிஸ்க் இருந்த அதே இரண்டரை அங்குல இடத்தில், அதே சாட்டா இணைப்பில் உட்கார்ந்துகொள்ளும். திருவாலங்காட்டில் மின்சார ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால் ரிச்சி தெரு பக்கம்தான். பழைய டிடிஆர்3 ராமும் அங்கே கிடைக்கும். மாடல் எண்ணை எழுதிக்கொண்டு போவதைவிட, கழற்றிய ராமையே கையில் கொண்டுபோய்க் காட்டுவது நல்லது. கழற்றிய ஹார்டு டிஸ்க்கை யுஎஸ்பி கேஸில் போட்டு, பாப்பாவின் போட்டோக்களை முதலில் இரண்டு இடத்தில் நகல் எடுத்தேன். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அடுத்தது மென்பொருள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சில்லு இல்லாத கணினியை அதிகாரபூர்வமாக ஏற்காது. இந்தப் பழைய லேப்டாப்களுக்கு லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளம்தான் நிஜமான வழி. அது இவற்றுக்குப் புதிதும் அல்ல. மத்திய அரசு நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், அரசு லேப்டாப்கள் பலவற்றில் விண்டோஸோடு சேர்ந்தே வந்தது. பெரும்பாலானோர் அந்தப் பக்கம் போகவே இல்லை என்பதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. நான் இப்போது போடுவது லினக்ஸ் மின்ட், எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. தமிழ்99 விசைப்பலகையையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம். அக்காவின் லேப்டாப் இப்போது உலை கொதிப்பதற்கு வெகுமுன்பே எழுந்துவிடுகிறது.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சார்ஜ் ஏறும்போது யுஎஸ்பி துளையின் உலோக விளிம்பைத் தொட்டால் விரலில் ஜிவ்வென்று இழுக்கிறது என்று பலர் சொல்கிறார்கள். லேப்டாப் கெட்டுவிட்டது என்று நினைத்து ஒதுக்கியும் வைக்கிறார்கள். அடாப்டருக்குள் இரைச்சலை வடிகட்டுகிற மின்தேக்கிகள் வழியாக வரும் மிகச் சிறிய மின்னோட்டம் அது. மூன்று முள் அடாப்டரில் அது எர்த் கம்பி வழியாக மண்ணுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை என்றால், வீட்டு எர்த் வேலை செய்யவில்லையோ என்று உடனே சந்தேகப்பட வேண்டும். சுவிட்ச் போர்டில் எர்த் கம்பியே இணைத்திருக்க மாட்டார்கள். அல்லது கரியும் உப்பும் போட்டு மூடிய எர்த் குழி கோடையில் காய்ந்து கிடக்கும். லேப்டாப்பில் வெறும் ஜிவ்தான். அதே வீட்டில் நாளைக்கு வாஷிங் மெஷினிலோ தண்ணீர் மோட்டாரிலோ கசிவு வந்தால் ஆளையே கொன்றுவிடும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். குழியில் தண்ணீர் ஊற்றுங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கிற ஆர்சிசிபி ஒன்றையும் மாட்டச் சொல்லுங்கள். புது லேப்டாப் வாங்குவதைவிட அவசரமான செலவு அது.

பேட்டரி புடைத்திருந்தால் அதற்கு மேல் சார்ஜ் போடாதீர்கள். குத்தவோ பிரிக்கவோ வேண்டாம். லித்தியம் தீப்பிடித்தால் வீட்டில் அணைப்பது கடினம். பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகள் தயாரிப்பாளர்களிடம் கொடுத்திருக்கின்றன. அக்காவின் லேப்டாப்பில் பேட்டரியைக் கழற்றிவிட்டோம். அடாப்டரில் நேராக ஓடுகிறது. கரண்ட் போனால் அணையாமல் இருக்க, இன்வெர்ட்டர் லைனில் மாட்டியிருக்கிறோம்.