அந்த 3 நொடி... ஒரு பி.எட். அக்காவின் ஆராய்ச்சி!

எங்க அக்கா பி.எட். இரண்டாம் ஆண்டு. அரசுப் பள்ளி ஒன்றில் 8-ம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கும் பயிற்சியில் இருக்கிறார். போன மாதம் ஒரு நாள், சீனியரின் பழைய நோட்டைப் பார்த்து 'செயலாராய்ச்சி அறிக்கை' எழுதிக்கொண்டிருந்தார். மாணவர் எண்ணிக்கையும் மதிப்பெண்ணும் மட்டும் புதுசு. "எல்லாரும் இப்படித்தான்டா பண்றாங்க!"

பிசிக்ஸ் படித்தவர் சொல்லும் பதிலா இது? (லேபில் நாம் ரீடிங்கை 'அட்ஜஸ்ட்' செய்த கதையை விட்டுவிடுவோம்.)

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைப்படி, 2 ஆண்டு பி.எட். படிப்பில் 20 வாரம் களப் பயிற்சி. அதில் 16 வாரம் இரண்டாம் ஆண்டில். நிஜப் பிள்ளைகள் கண்முன்னே இருக்கும்போது எதற்குப் பொய்க் கணக்கு?

அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர், அறிவியல் வகுப்புகளை டேப்பில் பதிவுசெய்து கேட்டார். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சராசரியாகக் காத்திருந்தது 1 நொடிதான்! 3 நொடிக்கு மேல் காத்திருக்கப் பழகியதும் பிள்ளைகளின் பதில் நீண்டது, வாயே திறக்காதவர்கள் குறைந்தார்கள், அவர்களே கேள்வியும் கேட்டார்கள். அந்த ஆய்வுக் கட்டுரை 1974-ல் வெளியானது. இன்றைக்கு இதைச் செய்துபார்க்க டேப் ரெக்கார்டர்கூட வேண்டாம், செல்போன் போதும்.

இதைச் சொன்னதும் அக்கா முறைத்தார். ஆனாலும் தலைமை ஆசிரியரிடம் அனுமதி வாங்கி, ஒரு பீரியடை ஆடியோவாகப் பதிவுசெய்தார். ராத்திரி ஹெட்போனில் கேட்டவர் முகம் சுருங்கிப்போனது. "நிலாவுல கல்லைக் கையிலிருந்து விட்டா கீழே விழுமா? விழும், ஏன்னா..." கேள்வியும் அவரே, பதிலும் அவரே. பாடம் முழுக்க அப்படித்தான்.

மறுவாரம் அதே கேள்வியைக் கேட்டுவிட்டு, மனசுக்குள் மூன்று வரை எண்ணினார். "மூணு நொடி மூணு நிமிஷம் மாதிரி இருந்துச்சு" என்றார். அப்போது கடைசி பெஞ்சிலிருந்து, அதுவரை பேசாத ஒரு பொண்ணு: "விழாது மிஸ். அங்கதான் காத்தே இல்லையே!"

தப்பான பதில்தான். ஆனால், காற்றுதான் பொருளைக் கீழே தள்ளுகிறது என்று அந்தப் பிள்ளை நம்புவதை, போன வாரம் பாடம் நடத்தியவருக்கே அப்போதுதான் தெரிந்தது. எல்லோருக்கும் துண்டுச் சீட்டு கொடுத்து எழுதச் சொன்னார். பாதிப் பேருக்கு மேல் 'விழாது'!

ஒரே ஒரு வகுப்பை வைத்து ஊருக்கே தீர்ப்புச் சொல்ல முடியாதுதான். அந்த வகுப்புக்கு நாளைக்கு என்ன நடத்தலாம் என்று முடிவெடுக்க இது போதும்.

பழைய நோட்டு சீனியரிடமே திரும்பிப் போய்விட்டது. அக்கா இப்போது ஒரு பாட்டிலும் மிதிவண்டி பம்பும் தேடிக்கொண்டிருக்கிறார். காற்றை உறிஞ்சி எடுத்த பாட்டிலுக்குள் கல் விழுகிறதா என்று பிள்ளைகளே பார்க்கட்டுமாம். "பம்பு காத்தை உள்ளேதானே அடிக்கும்?" என்றேன். மூன்று நொடி யோசித்தார்.