சங்கிலியும் சங்கமும்

சட்டையின் உட்கழுத்திலே ஒரு சிறு துணித்துண்டு தைக்கப்பட்டிருப்பதை நம் நேயர்கள் தினந்தோறும் காண்கிறார்கள். அதிலே ஒரு கம்பெனியின் பெயர் இருக்கும். அது வெறும் அலங்காரமென்று எண்ணுவோர், 2013-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 24-ந் தேதி டாக்கா நகருக்கு அருகே ஸவார் என்னுமிடத்தில் நிகழ்ந்த கோரத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். ராணா பிளாஸா என்ற பல மாடிக் கட்டிடம் அன்று காலை இடிந்து விழுந்து, 1,100-க்கு மேற்பட்டவர்கள் மாண்டனர். முந்தின நாளே சுவர்களில் வெடிப்புக் கண்டிருந்தது. கீழ்த்தளத்துப் பாங்கியும் கடைகளும் மூடப்பட்டன. ஆடை தைப்போர் மாத்திரம் மறுநாள் வேலைக்கு வரும்படி நிர்ப்பந்திக்கப்பட்டனர். அங்கிருந்த ஐந்து ஆடைத் தொழிற்சாலைகளில் ஒன்றிலேனும் தொழிற்சங்கம் இல்லை. ஆதலால் "உள்ளே போகமாட்டோம்" என்று எல்லோருக்குமாகச் சொல்ல ஒரு நாவும் இல்லாமற் போயிற்று. எந்தெந்த அந்நியக் கம்பெனிகளுக்காக அங்கே வேலை நடந்ததென்பதை மெய்ப்பிக்க, இடிபாடுகளிடையே அத்துணித்துண்டுகளைத் தேடிப் பொறுக்க வேண்டியிருந்தது.

எஜமானர் யார் என்பதற்குத் துண்டுத் துணியைச் சாட்சிக்கு அழைக்க நேர்ந்தது ஏன்? 1908-ம் வருஷத்தில் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்கள் ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளையின் ஆதரவுடன் வேலைநிறுத்தம் செய்தபோது, இக்கேள்வி எழவில்லை. எஜமானர் அந்நியர்தாம், ஆயினும் ஆலை அவருடையது, கூலி கொடுப்பவரும் அவரே. இன்றோ கடல் கடந்த கம்பெனிக்கு அத்தொழிற்சாலையில் ஒரு தையல் இயந்திரமும் சொந்தமில்லை. எனினும் விலையையும் தவணையையும் விதிப்பது அதுவே. தொழிற்சாலைக்காரர், "வாங்குவோர் கொடுக்கும் விலைக்கு இவ்வளவுதான் கட்டும்" என்கிறார். வாங்கும் கம்பெனி, "அவர்கள் எம்முடைய சிப்பந்திகளல்லர்" என்கிறது. உடன்படிக்கையில் கையெழுத்திடாதவரை அதன் பேரில் கட்டுப்படுத்த இயலாதென்பது வக்கீல் குமாஸ்தாவும் அறிந்த விதி. இவ்வாறு அதிகாரம் ஓரிடத்திலும் பொறுப்பு வேறிடத்திலுமாகப் பிரிந்து கிடக்கின்றன.

இக்குறைக்குக் கம்பெனிகள் கண்ட பரிகாரம் நற்சாட்சிப் பத்திரம். கூலி கொடுத்து அமர்த்திய பரிசோதகர்கள் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்த்துச் சான்று எழுதித் தருவார்கள். அச்சான்றின் மதிப்பு யாது? 2012-ம் வருஷம் ஸெப்டம்பரில் கராச்சி நகரத்து ஆடைத் தொழிற்சாலையொன்றில் தீப்பிடித்து 250-க்கு மேற்பட்டவர்கள் வெந்து மடிந்தார்கள். அத்தொழிற்சாலை சில வாரங்களுக்கு முன்புதான் சர்வதேச நற்சாட்சிப் பத்திரம் பெற்றிருந்தது! வாக்குறுதியை மீறினால் கேட்பார் இல்லையெனில், அது வாக்குறுதியன்று; விளம்பரமேயாகும்.

உண்மையான பரிகாரத்தைத் தொழிலாளர்களே கண்டார்கள். ராணா பிளாஸா இடிந்து ஒரு மாதத்துக்குள், இண்டஸ்ட்ரிஆல், யூ.என்.ஐ. என்ற இரு உலகத் தொழிற்சங்க சம்மேளனங்களும் பங்களாதேஷ் சங்கங்களும் ஒருபுறமாகவும், வாங்கும் கம்பெனிகள் மறுபுறமாகவும் நின்று கட்டிட, தீப் பாதுகாப்பு ஒப்பந்தமொன்றில் கையொப்பமிட்டன. நாளடைவில் சுமார் 200 கம்பெனிகள் அதில் சேர்ந்தன. 1,600-க்கு மேற்பட்ட தொழிற்சாலைகள் பரிசோதிக்கப்பட்டன. பரிசோதனை முடிவுகள் பகிரங்கமாக்கப்பட்டன. செப்பனிட மறுக்கும் தொழிற்சாலையுடன் கொடுக்கல் வாங்கலை நிறுத்திவிட வேண்டுமென்பது நிபந்தனை. எல்லாவற்றிலும் மேலானது, வழக்கை மத்தியஸ்தத்துக்குக் கொண்டுபோகும் உரிமை. அது ஏட்டுச் சுரைக்காயாகவும் இருந்துவிடவில்லை. 2016-ம் வருஷத்தில் சம்மேளனங்கள் இரண்டு கம்பெனிகள் மீது ஹேக் நகரத்து நிரந்தர மத்தியஸ்த நியாயஸ்தலத்தின் மூலம் வழக்குத் தொடுத்தன. இரண்டும் ராஜியாயின. அவற்றுள் ஒரு கம்பெனி 20 லக்ஷம் டாலருக்கு மேல் கொடுக்க இசைந்தது 2018-ல் வெளியாயிற்று. "எம்முடைய சிப்பந்திகளல்லர்" என்ற பழைய பல்லவி அங்கே எடுபடவில்லை. கையெழுத்து இருந்ததே காரணம்.

இது தூரதேசத்துக் கதையன்று. 2021-ம் வருஷத் தொடக்கத்தில் திண்டுக்கல் ஜில்லாவில் ஆடைத் தொழிற்சாலையில் வேலைசெய்த ஓர் இளம் பெண் கொலையுண்டார். அங்கு மேற்பார்வையாளராயிருந்தவரே அவ்வழக்கில் கைதானார். அங்கே தலித் பெண்கள் தலைமை வகிக்கும் ஜவுளித் தொழிலாளர் சங்கமொன்று, ஆசிய, அமெரிக்கத் தொழிலாளர் ஸ்தாபனங்களின் துணையுடன் கிளர்ச்சி செய்தது. 2022-ம் வருஷத்தில் தொழிற்சாலையை நடத்தும் ஈஸ்ட்மன் கம்பெனியுடனும், வாங்குவோராகிய எச் அண்டு எம், காப், பி.வி.எச். கம்பெனிகளுடனும் உடன்படிக்கைகள் ஏற்பட்டன. ஆடைத் தொழிற்சாலைக்கு மட்டுமன்றி நூற்பாலைகளுக்கும் அவை பொருந்தின. பெண்களுக்கு இழைக்கப்படும் கொடுமைகளைக் கண்டறிந்து கூற, சங்கம் பயிற்சியளித்த தொழிலாளர்களே கண்காணிப்பாளரானார்கள். வெளியிலிருந்து ஒரு நாள் வந்து போகும் பரிசோதகர் காணாததை, தினமும் அருகில் நின்று தைப்பவள் காண்பாளல்லவா?

"இவ்வளவு கண்டிப்புச் செய்தால் வியாபாரம் வேறு நாட்டுக்கு ஓடிவிடாதா?" என்று கேட்போர் உளர். கேள்வி நியாயமானதே. ஒரு தொழிற்சாலையில் மட்டும் சங்கம் வைத்து, அந்தத் தொழிற்சாலைக்காரரை மட்டும் நெருக்கினால் அப்படி நேரக்கூடும். வாங்குகிற கம்பெனியையே கட்டிவிட்டாலோ, அது போகுமிடமெல்லாம் கட்டும் கூடவே போகும். பங்களாதேஷ் ஒப்பந்தத்தின் வழிவந்த சர்வதேச ஒப்பந்தம் பாகிஸ்தானுக்கும் விரிக்கப்படுமென்று 2022 டிஸம்பரில் அறிவிக்கப்பட்டது இதற்குச் சான்று. ஆயினும் பூர்ண வெற்றி கிட்டிவிட்டதென்று நாம் மயங்கவில்லை. மேற்கூறிய ஒப்பந்தங்கள் உயிரையும் மானத்தையும் காக்க எழுந்தவை. சரக்குக்குக் கொடுக்கும் விலையை அவை நிர்ணயிக்கவில்லை. விலை உயராமல் கூலி உயருவது அரிது. அடுத்த போர்க்களம் அதுவே.

ஆகவே தொழிலாளர் ஊழியத்தில் ஈடுபட்ட நண்பர்களுக்கு நாம் கூறுவது இது. தொழிற்சாலை வாசலோடு உங்கள் பார்வை நின்றுவிட வேண்டாம். எவருடைய பெயர் சட்டையில் தைக்கப்படுகிறதென்று குறித்து வையுங்கள். அச்சட்டை எந்தத் துறைமுகத்தில் ஏறி எந்தக் கடையில் விலையாகிறதென்று விசாரியுங்கள். அங்கும் தொழிலாளர் உண்டு, சங்கமும் உண்டு. அவர்களுடன் கைகோத்துக்கொள்ளுங்கள். அநுதாபக் கடிதங்களால் திருப்தியடையாமல் கையெழுத்தைக் கேளுங்கள். வியாபாரச் சங்கிலி எவ்வளவு நீளமோ, சங்கமும் அவ்வளவு நீளமாதல் வேண்டும். அதுவரையில் சட்டையிலுள்ள பெயர் ஒருவருடையதாகவும், அதற்காகச் சிந்தும் இரத்தம் மற்றொருவருடையதாகவுமே இருந்துவரும்.