யார் போட்ட குப்பை?

தோட்டத்துத் தொழிலாளி சுத்தமறியாதவன் என்று வசைபாடும் கனவான்களை நாம் ஒன்று கேட்கிறோம். முறுக்குறையில் பிளாஸ்டிக்கையும் அலுமினியப் பூச்சையும் பிரிக்கவொண்ணாதபடி ஒட்டியவன் யார்? தகர டின்னுக்கும் பழைய பத்திரிகைக்கும் விலையுண்டு, இவ்வுறையைக் கொள்வாரில்லை. ஆகவே, கோலசிலாங்கூர்த் தோட்டங்களில் அது செம்பனைக் கால்வாயை அடைக்கிறது. லயத்தின் பின்னே எரிந்து நஞ்சாகிறது. எஞ்சியது ஜெராம் குப்பைமேட்டில் புதைகிறது. 2017இல் சிலாங்கூர் அரசு கடைப் பைக்கு 20 சென் விதித்தது, வாங்கியவன் கொடுத்தான். உறை செய்தவன் என்ன கொடுத்தான்? தமிழ்நாட்டிலோ 2019ஆம் ஆண்டுத் தடையில் ஆலைப் பொட்டலத்துக்கு அளித்த விலக்கை 2020இல் அரசே நீக்கிற்று. ஏழைக்கு உபதேசம், முதலாளிக்கு விலக்கு என்பது என்ன நீதி? தோழர்களே, லாபம் கொண்டவனே உறையையும் திரும்பக் கொள்ளட்டும்! அவ்வாறு சட்டஞ் செய்யாதவரை, சுத்தப் பிரசாரமெல்லாம் வெறும் வேஷமே.