பாடி பாலமும் நியூட்ரல் கியரும்

பாடி மேம்பாலத்தில் முக்கி முனகிக்கொண்டு ஏறுகிற ஷேர் ஆட்டோ, உச்சிக்கு வந்ததும் திடீரென்று சாதுவாகிவிடும். டிரைவர் நியூட்ரலுக்குத் தள்ளியிருப்பார். பக்கத்தில் பைக்கில் போகிற கல்லூரிப் பையனும் அதையேதான் செய்வான். சிலர் இன்னும் ஒரு படி மேலே போய் எஞ்சினையே அணைத்துவிடுவார்கள். கீழே லூகாஸ் ஸ்டாப் வரைக்கும் "ஓசி"யாகப் போகலாமாம்! அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று எந்தப் பக்கம் போனாலும், பாலத்தில் இறங்கும்போது நியூட்ரல் போடத் தெரியாதவனுக்கு வண்டி ஓட்டவே தெரியாது என்பது போல ஒரு நினைப்பு இருக்கிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், இது நடக்கிற இடம். பாடியில்தான் 1962ல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா இருக்கிறது. லாரி, பஸ்களுக்கு ஏர் பிரேக் செய்த சுந்தரம் கிளேட்டனும் அதே பாடிதான், அதே வருஷம்தான். பிரேக் செய்தே பெயர் வாங்கிய ஊரில், பிரேக்குக்குத் துணையாக இருக்கிற எஞ்சினைக் கழற்றிவிட்டு இறங்குகிறார்கள்.

பெட்ரோல் மிச்சமாகிறது என்பதுதான் இவர்கள் சொல்கிற ஒரே காரணம். சரி, அதையே பார்ப்போம். பாதுகாப்பு, உயிர் என்றெல்லாம் பேசினால் "ஆமா ஆமா" என்று தலையாட்டிவிட்டு மறுபடி நியூட்ரல்தான் போடுவார்கள். காசுக் கணக்கு பேசினால்தான் காது கொடுப்பார்கள்.

இந்தத் தப்புக் கணக்கு சைக்கிளில் இருந்து தொடங்குகிறது என்று தோன்றுகிறது. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. சைக்கிள்கள் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸில் செய்தவைதான். அந்த சைக்கிளில் சரிவில் இறங்கும்போது மிதிக்க வேண்டாம். ஃப்ரீவீல் தானாகச் சுற்றும், கால் ஓய்வெடுக்கும். மிதிக்காத காலுக்குச் செலவும் இல்லை. இதை அப்படியே பைக்குக்கும் காருக்கும் பொருத்திவிடுகிறார்கள். ஆனால் நியூட்ரலில் எஞ்சின் ஓய்வெடுப்பதில்லையே! அணைந்துவிடாமல் இருக்க அது தன் பாட்டுக்குப் பெட்ரோலைக் குடித்துக்கொண்டேதான் இருக்கிறது.

கியரிலேயே விட்டு ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்தால் என்ன ஆகும்? சக்கரம் எஞ்சினைச் சுற்றுகிறது. எஞ்சின் அணையாமல் இருக்க எரிபொருளே தேவையில்லை. ஃப்யூல் இன்ஜெக்ஷன் வண்டியில் இருக்கிற கம்ப்யூட்டருக்கு இது தெரியும். எஞ்சின் ஓரளவு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் வரை இன்ஜெக்டரை அடியோடு மூடிவிடும். செலவு பூஜ்யம். சுற்று குறைந்து ஐட்லிங் வேகத்தை நெருங்கும்போதுதான் மறுபடி திறக்கும்.

ஒரு சாதாரண கார் ஐட்லிங்கில் மணிக்குச் சுமார் 700 மில்லி பெட்ரோல் குடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். பாலத்தில் இறங்க 20 விநாடி. ஏறக்குறைய 4 மில்லி. லிட்டர் 100 ரூபாய் என்றால் 40 பைசா. நியூட்ரல் போட்டவர் 40 பைசா செலவழித்திருக்கிறார், கியரில் வந்தவர் ஒன்றும் செலவழிக்கவில்லை. மிச்சம் பிடிக்கப் போனவருக்குத்தான் நஷ்டம்!

டீசல் வண்டிக்காரர்கள் "எங்களுது பழைய வண்டி, கம்ப்யூட்டர் எல்லாம் கிடையாது" என்று தப்பிக்கப் பார்க்கலாம். முடியாது. பழைய டீசல் பம்பில் இருக்கிற கவர்னரும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஆக்ஸிலரேட்டரை விட்ட நிலையில் எஞ்சின் ஐட்லிங்கைவிட வேகமாகச் சுற்றினால் டீசலை நிறுத்திவிடும்.

அப்படியென்றால் அப்பாக்களும் பெரியப்பாக்களும் சொன்னதெல்லாம் பொய்யா? இல்லை. அவர்கள் காலத்துக்கு அது சரிதான். அவர்கள் ஓட்டியது கார்புரேட்டர் வண்டி. கியரில் இறங்கினால் த்ராட்டில் மூடியிருந்தாலும் வேகமாகச் சுற்றுகிற எஞ்சின் ஐட்லிங் துளை வழியாகப் பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நியூட்ரலில் அது குறையும். அதிலும் பஜாஜ் சேத்தக், யமஹா ஆர்.எக்ஸ். 100 மாதிரி டூ ஸ்ட்ரோக் என்றால் இன்னொரு நியாயமும் உண்டு. அதில் எஞ்சினுக்கு ஆயில் தனியாக ஓடாது, பெட்ரோலோடு சேர்ந்துதான் உள்ளே போக வேண்டும். த்ராட்டிலை மூடிவிட்டு நீண்ட சரிவில் கியரில் இறங்கினால், வேகமாகச் சுற்றுகிற பிஸ்டனுக்குப் போதிய ஆயில் கிடைக்காது. ஸ்வீடனின் சாப் கம்பெனி இதற்காகவே தன் டூ ஸ்ட்ரோக் கார்களில் சைக்கிள் மாதிரியே ஒரு ஃப்ரீவீல் வைத்தது. ஆக, பெரியவர்கள் முட்டாள்கள் இல்லை. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்த பிறகு பெரும்பாலான பைக்குகளும் இன்ஜெக்ஷனுக்கு மாறிவிட்டன. அதன் பிறகும் சேத்தக் காலத்து வித்தையை மகனுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் பிரச்சினை.

எதிர்த்தரப்பில் ஒரு நல்ல வாதம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. கியரில் இறங்கினால் எஞ்சின் வண்டியைப் பிடித்து இழுக்கும், வேகம் குறையும். நியூட்ரலில் வண்டி அதிக தூரம் உருளும். எதிரே காலியான நேர்சாலை நீண்டு கிடந்தால், அந்த உருளலில் கொஞ்சம் மிச்சமாகலாம். ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் சி.டி.எச். ரோட்டில் காலியான நேர்சாலை எங்கே இருக்கிறது? பாலம் இறங்கினால் பஸ் ஸ்டாப், குறுக்கே ஓடுகிறவர்கள், எதிர்த்திசையில் வருகிற ஒரு மகானுபாவர். எப்படியும் பிரேக் அடிக்கத்தான் போகிறார்கள். உருட்டிச் சேர்த்த வேகமெல்லாம் பிரேக் சூடாகப் போய்விடும்.

நியூட்ரல் எல்லா இடத்திலும் தப்பு என்றும் இல்லை. பாய்மரப் படகு வைத்திருப்பவர்களிடையே இதே சண்டை வேறு மாதிரி நடக்கிறது. காற்றில் போகும்போது படகின் டீசல் எஞ்சினை நியூட்ரலில் விடுவதா, கியரில் போட்டு ப்ரொப்பல்லரைப் பூட்டுவதா என்று. யான்மார் கம்பெனி நியூட்ரலில் விடச் சொல்கிறது. ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத்தில் அளந்து பார்த்தபோதும், பூட்டிய ப்ரொப்பல்லரைவிடத் தானாகச் சுற்றுகிற ப்ரொப்பல்லருக்குத் தண்ணீரின் இழுவை குறைவு என்று தெரிந்தது. அங்கே இழுவை வேண்டாத தொல்லை. சரிவில் இறங்குகிற லாரிக்கோ அந்த இழுவைதான் உயிர்.

லாரி என்றதும் தொப்பூர் கணவாய் ஞாபகத்துக்கு வராமல் இருக்காது. தர்மபுரியில் இருந்து சேலம் போகிற வழியில் இருக்கிற அந்தச் சரிவில் நியூட்ரலில் இறங்காதீர்கள் என்று அதிகாரிகள் ஓயாமல் எச்சரிக்கிறார்கள். விபத்துகள் நிற்கவில்லை. 10 டன் எடையுள்ள லாரி 100 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படுகிற சக்தியில் 30 லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். எஞ்சின் பங்கு போட்டுக்கொள்ளாவிட்டால் அவ்வளவு சூடும் பிரேக் ட்ரம்முக்குத்தான் போகும். சூடேறிய பிரேக் பிடிக்காது. "பிரேக் ஃபெயிலியர்" என்று மறுநாள் பேப்பரில் வரும். புனேயில் 2022 நவம்பர் 20 அன்று நவலே பாலத்துச் சரிவில் ஒரு டேங்கர் வரிசையாக வண்டிகளை இடித்துத் தள்ளியது. முதலில் வந்த செய்திகளில் 48 வண்டிகள் என்றார்கள். டிரைவர் டீசல் மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்து நியூட்ரலில் இறங்கினார் என்றுதான் முதல்கட்ட விசாரணையில் சொன்னார்கள்.

எஞ்சினை அணைப்பது தனி ரகப் பைத்தியக்காரத்தனம். காரில் பிரேக்குக்கு உதவுகிற வாக்குவம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் தாங்கும், பிறகு பெடல் கல்லாகிவிடும். பவர் ஸ்டியரிங்கும் போய்விடும். சாவி கையோடு வந்துவிட்டால் பல கார்களில் ஸ்டியரிங்கே பூட்டிக்கொள்ளும். பஸ், லாரியில் காற்றை நிரப்புகிற கம்ப்ரசரை ஓட்டுவதே எஞ்சின்தான். அணைத்துவிட்டு மிதிக்க மிதிக்க டேங்க்கில் இருக்கிற காற்று தீர்ந்துகொண்டே வரும்.

கலிபோர்னியாவில் சரிவில் நியூட்ரலில் இறங்குவது சட்டப்படியே குற்றம். இங்கே சட்டம் போட்டு யாரும் திருந்தப் போவதில்லை, விடுங்கள். ஆனால் எட்டுப் போடச் சொல்லிக்கொடுக்கிற டிரைவிங் ஸ்கூல்கள், எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்ற மலைப்பாதைப் பாடத்தையும் சேர்த்துச் சொன்னால் குறைந்தா போய்விடுவார்கள்? மைலேஜ் கணக்குக் கேட்டு டிரைவர்களை விரட்டுகிற முதலாளிகளும், டீசல் எங்கே மிச்சமாகிறது, எங்கே ஆகவில்லை என்று ஒரு தரம் சரியாகச் சொல்லிவிடலாம்.

எலெக்ட்ரிக் வண்டிகள் வேறு வந்துவிட்டன. சென்னையில் மாநகரப் பேருந்திலேயே 2025ல் வந்துவிட்டது. அதில் சரிவில் இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி பேட்டரிக்குக் கரண்ட் அனுப்பும். அங்கேயும் ஒரு புத்திசாலி பாலத்து உச்சியில் நியூட்ரல் போட்டால், பேட்டரிக்கு வர வேண்டிய கரண்ட் வராது, அவ்வளவும் பிரேக் சூட்டில் போய்விடும்.