கயிற்றின் மறுமுனையில் யார்?

‘கல்யாணமாகி ரெண்டு வருஷம் ஆச்சு. லீவு கிடைச்சா ஊட்டி, கொடைக்கானல்னு போட்டோ எடுத்துட்டு வர்றது போரடிக்குது. ரெண்டு பேரும் சேர்ந்து பாறை ஏறக் கத்துக்கலாமா? முதல்ல என்ன வாங்கணும்?’ இப்படி யோசிக்கும் ஜோடிகளுக்காகத்தான் இந்த வாரம்.

குன்னூருக்குப் பக்கத்தில் இருக்கும் வெலிங்டனுக்குப் போனால் யாருக்கும் இந்த ஆசை வரும். ஜெகதளா என்று அழைக்கப்பட்ட இந்த ஊரில்தான் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையமும், முப்படை அதிகாரிகள் படிக்கும் ராணுவக் கல்லூரியும் இருக்கின்றன. கொஞ்ச தூரத்தில் லாம்ப்ஸ் ராக், டால்பின் நோஸ், பக்காசுரன் மலை. எந்தப் பக்கம் திரும்பினாலும் செங்குத்துப் பாறைதான். சார்னோக்கைட் என்ற மிகக் கடினமான பாறை வகை இது. சென்னைவாசிகளுக்கும் பழக்கமானதுதான், பரங்கிமலையும் பல்லாவரம் குன்றுகளும் இதே இனம்.

பாறையைப் பார்த்ததும் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். ஷூ, ஹெல்மெட் லிஸ்ட்டுக்குப் போகும் முன்பு இன்னொரு கேள்வி இருக்கிறது. நீங்கள் மேலே ஏறும்போது, கீழே நின்று கயிற்றைப் பிடிக்கப்போவது யார்?

மைத்துனர் பிடித்த கயிறு

நீலகிரியில் இந்தக் கேள்வி புதிதல்ல. இங்குள்ள குறும்பர் போன்ற பழங்குடியினர் பல தலைமுறைகளாகப் பாறை விளிம்புகளில் இறங்கி மலைத்தேன் எடுப்பவர்கள். காட்டுக் கொடிகளைப் பின்னிச் செய்த ஏணியில், அந்தரத்தில் தொங்கியபடி, கொட்டும் தேனீக்களுக்கு நடுவே செய்கிற வேலை. மேலே ஏணியைக் காத்து நிற்பவர் பெரும்பாலும் தேன் எடுப்பவரின் மைத்துனராக, அதாவது மனைவியின் சகோதரராக இருப்பார் என்று சொல்வார்கள். தன் கூடப்பிறந்தவள் தாலி அறுக்க எந்த அண்ணன் தம்பி சம்மதிப்பான்? கயிற்றை அசட்டையாக விட மாட்டான் என்ற நம்பிக்கை.

இன்றைய விளையாட்டில் அந்த மைத்துனரின் வேலைக்கு ‘பிலே’ என்று பெயர். ஏறுபவர் இடுப்பில் கட்டிய கயிறு, கீழே நிற்பவரின் இடுப்பு ஹார்னஸில் மாட்டிய ஒரு சிறு கருவி வழியாகப் போகும். மேலே இருப்பவர் கை வழுக்கினால், கீழே இருப்பவர் கயிற்றை இறுக்கிப் பிடித்து நிறுத்துவார். ஜோடியாகக் கற்றுக்கொள்ளும்போது கணவனும் மனைவியும் மாறி மாறி இந்த வேலையைச் செய்ய வேண்டும். பாறை ஏறுவதைவிட இதைத்தான் முதலில் கற்க வேண்டும்.

ஒரு முடிச்சு

லின் ஹில் என்றால் பாறை ஏறுபவர்கள் மத்தியில் அவ்வளவு மரியாதை. அமெரிக்காவின் எல் கேப்பிட்டன் பாறையில், சுமார் 3,000 அடி உயரமுள்ள ‘தி நோஸ்’ பாதையை, கயிற்றைப் பிடித்து ஏறாமல் கை கால் பலத்தால் மட்டுமே ஏறிய முதல் மனிதர் அவர். ஆண்களையும் முந்திக்கொண்டு 1993-ல் இதைச் செய்தார்.

அதற்கு நான்கு வருடங்கள் முன்பு, 1989-ல், பிரான்ஸின் பூ என்ற இடத்தில் ஒரு பாதையில் ஏறினார். அவருக்கு அது வெறும் ‘வார்ம் அப்’. கயிற்றை ஹார்னஸில் நுழைத்தவர், நடுவில் கவனம் சிதறியதால் முடிச்சை முடிக்காமல் விட்டுவிட்டார். மேலே அணிந்திருந்த ஜாக்கெட் அதை மறைத்துவிட்டது. உச்சிக்குப் போய், இறங்குவதற்காகப் பின்னால் சாய்ந்தார். கயிறு உருவிக்கொண்டு வந்தது. 70 அடிக்கும் மேலான உயரத்திலிருந்து விழுந்தார். மரக்கிளைகள் வேகத்தைக் குறைத்ததால் உயிர் பிழைத்தார். முழங்கை மூட்டு விலகியது; பாதத்திலும் காயம். கீழே இருந்தவர் அவருடைய கணவர் ரஸ் ரஃபா.

அந்தக் காலத்தின் தலைசிறந்த வீராங்கனை, அனுபவமுள்ள கணவர், எளிதான பாதை. மூன்றும் இருந்தும் அந்த ஒரு முடிச்சு இருவர் கண்ணிலும் படவில்லை.

அதனால்தான் உலகம் முழுக்க ஒவ்வொரு ஏற்றத்துக்கு முன்பும் ‘பார்ட்னர் செக்’ செய்யச் சொல்கிறார்கள். ‘அவருக்குத் தெரியாததா?’ என்ற எண்ணம்தான் ஆபத்து. கேஸ் ஆஃப் பண்ணியாச்சா என்று வீட்டைப் பூட்டும்போது கேட்டால் சிலருக்குக் கோபம் வருமே, அந்தக் கோபத்தைப் பாறைக்குக் கொண்டுபோகக் கூடாது. அரை நிமிட வேலை இது:

• ஏறுபவரின் எட்டு வடிவ முடிச்சு முழுதாக இருக்கிறதா? கையால் தொட்டுப் பாருங்கள்.
• இருவரின் ஹார்னஸ் பக்கிளும் இறுகியிருக்கிறதா?
• பிலே கருவியில் கயிறு சரியான திசையில் போகிறதா? கேரபைனர் லாக் ஆகியிருக்கிறதா?
• கயிற்றின் மறுகோடியில் முடிச்சு இருக்கிறதா? கயிறு நீளம் போதாமல் கருவியிலிருந்து உருவிக்கொள்ளாமல் அது தடுக்கும்.
• இருவர் தலையிலும் ஹெல்மெட் இருக்கிறதா? கல் விழுவது பெரும்பாலும் கீழே நிற்பவர் மீதுதான்.

எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது?

ஷூவும் ஹார்னஸும் ஹெல்மெட்டும் ஆளுக்கு ஒன்று. கயிறு, பிலே கருவி, கேரபைனர்கள் பொது.

கயிறு ‘டைனமிக்’ வகையாக இருக்க வேண்டும். விழும்போது கொஞ்சம் நீண்டுகொடுத்து அதிர்ச்சியை உள்வாங்கும். ஹார்டுவேர் கடை நைலான் கயிறு எவ்வளவு தடிமனாக இருந்தாலும் வேண்டாம்; நீளாத கயிறு உங்கள் முதுகெலும்பைப் பதம் பார்க்கும். நல்ல டைனமிக் கயிறு பத்தாயிரம் ரூபாயைத் தாண்டும். அதற்காக செகண்ட் ஹேண்டில் வாங்காதீர்கள். வெயிலிலும் உரசலிலும் எவ்வளவு தேய்ந்தது என்பது வெளியே தெரியாது. பயன்படுத்தாமல் பத்திரமாக வைத்திருந்தாலும் 10 வருடத்துக்கு மேல் வேண்டாம் என்பது தயாரிப்பாளர்களின் பொதுவான அறிவுரை. எல்லாப் பொருளிலும் ‘யுஐஏஏ’ அல்லது ‘சிஇ’ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

எடையையும் மறைக்காமல் பேசிவிடுங்கள். கணவர் 80 கிலோ, மனைவி 50 கிலோ என்றால், அவர் விழும்போது இவர் தரையிலிருந்து மேலே இழுக்கப்படலாம். கீழே நிற்பவரைத் தரையில் நங்கூரமிட்டுக் கட்டுவது உள்பட இதற்கு வழிகள் உண்டு. பயிற்சியாளரிடம் முதல் நாளே கேளுங்கள்.

அப்புறம், மோதிரம், வளையல், துப்பட்டா எதுவும் வேண்டாம். பாறை இடுக்கில் மோதிரம் சிக்கினால் விரலே போகும். தலைமுடியை இறுக்கிக் கட்டுங்கள்; பிலே கருவிக்குள் சிக்கினால் நடுவழியில் தவிக்க வேண்டியதுதான். தாலிக்கொடியைக் கழற்ற மனமில்லாதவர்கள் டி-ஷர்ட்டுக்குள் வைத்து, அசையாதபடி செய்துகொள்ளுங்கள்.

எங்கே கற்கலாம்?

வெலிங்டனில் ராணுவ இடம், சுற்றிலும் வனத்துறை இடம், மிச்சம் தேயிலைத் தோட்டம். அனுமதியில்லாமல் எங்கும் கயிறு கட்ட முடியாது; கட்டவும் கூடாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி காட்டுத்தீயில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்ததை மறக்க முடியுமா? அதன் பிறகு தமிழகத்தில் மலையேற்றத்துக்கே தனி விதிமுறைகள் வந்தன. 2024-ல் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் நீலகிரியின் கெய்ர்ன் ஹில், லாங்வுட் சோலை போன்ற பாதைகள் உள்ளன. வழிகாட்டியுடன் நடக்கும் பாதைகள் இவை. கால்களையும் மூச்சையும் பழக்க நல்ல இடம்.

கயிற்றுப் பயிற்சிக்குப் பெங்களூரு பக்கம். கண்டீரவா ஸ்டேடியத்தில் செயற்கை ஏறுசுவர் உண்டு. ஊட்டியிலிருந்து மைசூரு வழியாகப் போனால் பெங்களூருக்கு முன்பே வரும் ராமநகரா, ‘ஷோலே’ படத்தில் கப்பர் சிங் மிரட்டிய அதே பாறைகள். அங்கே பழகியவர்கள் அடுத்து ஹம்பி, பாதாமி என்று கிளம்புவார்கள். எங்கே போனாலும் பாறையில் தேன்கூடு தெரிந்தால் அந்தப் பாதையை விட்டுவிடுங்கள். கயிற்றில் தொங்கும்போது தேனீயிடமிருந்து ஓட முடியாது.

போதும், இறங்கலாம்

இத்தாலியைச் சேர்ந்த நிவெஸ் மெரோய், ரோமானோ பெனெட் தம்பதி 2009-ல் கஞ்சன்ஜங்காவில் இருந்தார்கள். 8,000 மீட்டருக்கு மேலான 14 சிகரங்களையும் தொடும் முதல் பெண் யார் என்ற போட்டியில் நிவெஸ் முன்வரிசையில் இருந்த நேரம். சுமார் 7,500 மீட்டரில் ரோமானோவால் முடியவில்லை. ‘நீ போய்ட்டு வா’ என்பது கணவரின் கட்சி. நிவெஸ் போகவில்லை, அவரோடு கீழே இறங்கினார். போட்டி கை நழுவியது. ரோமானோவுக்கு எலும்பு மஜ்ஜை நோய் இருப்பது பிறகுதான் தெரிந்தது. இரண்டு முறை மஜ்ஜை மாற்று சிகிச்சை நடந்தது.

2014-ல் இருவரும் அதே கஞ்சன்ஜங்காவின் உச்சியைத் தொட்டார்கள். 2017 மே மாதம் அன்னபூர்ணா. ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல் 14 சிகரங்களையும் சேர்ந்தே ஏறிய முதல் தம்பதி ஆனார்கள்.

நமக்கு 8,000 மீட்டர் வேண்டாம், ராமநகராவின் 40 அடிப் பாறை போதும். அங்கேயும் இருவரில் ஒருவர் ‘பயமா இருக்கு, இறங்கலாம்’ என்றால், மற்றவர் ‘இதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்?’ என்று கேட்காமல் கயிற்றை மெல்ல விட்டு இறக்க வேண்டும். இந்த ஒப்பந்தத்தை வீட்டிலேயே பேசி முடித்துவிட்டு, பிறகு ஷூ வாங்கக் கிளம்புங்கள்.