தேதியாவது நிரப்பி அனுப்பக் கூடாதா?

எழுதுங்கள், எழுதுங்கள் என்று எங்களைக் கூப்பிட்டது சிற்றலை வானொலிக்காரர்கள்தான். ஒவ்வொரு ஒலிபரப்பு முடியும்போதும் முகவரியை நிறுத்தி நிதானமாக, நாம் பேனாவைத் தேடி எடுக்கிறவரைக்கும் பொறுத்திருந்து சொல்வதுபோலச் சொன்னார்கள். நாங்களும் எழுதினோம். வெளிநாட்டு நிலையங்களில் நான் அதிகம் எழுதியது ஒன்றுக்கு, பெயர் வேண்டாம். அது ஒருநாள் சிற்றலையை மூட்டை கட்டியது. அத்தனை வருஷமாகக் கடிதம் போட்ட ஆளுக்கு, இனிமேல் இந்த அலைவரிசையில் தேடாதே ஐயா என்று ஒரு கார்டு போட அங்கே யாருக்கும் மனசு வரவில்லை. வழக்கமான நேரத்துக்குப் பெட்டியை வைத்தால் வெறும் இரைச்சல். சூரியப் புயலாக இருக்கும், நாளைக்கு வந்துவிடும் என்று முள்ளைத் திருகிக்கொண்டே கிடந்தேன்.

சிற்றலை நேயர் என்றால் பாட்டுக் கேட்டுவிட்டு 'நிகழ்ச்சி மிக அருமை' என்று கார்டு போடுகிறவர் என ஊரில் நினைக்கிறார்கள். அப்படிப் போட்டவர்களும் உண்டு, அவர்களிடம் பிறகு வருகிறேன். ரிசப்ஷன் ரிப்போர்ட் வேறு ரகம். தேதி, நேரம், அலைவரிசை, என்ன பெட்டி, என்ன ஆன்டெனா எல்லாம் வேண்டும். நேரம் நம்மூர் நேரமாக இருக்கக் கூடாது. ஐந்தரை மணியைக் கழித்து உலகப் பொது நேரத்தில் எழுத வேண்டும். பி.பி.சி. தமிழோசை இரவு 9.15க்கு என்றால் தாளில் 15.45. அதற்கு மேல் சின்போ. ஒலியின் வலு, பக்கத்து நிலையத்தின் குறுக்கீடு, இரைச்சல், அலை ஏறி இறங்குவது, மொத்தத்தில் எப்படி என்று ஐந்துக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண். கேட்டதற்கு அத்தாட்சியாக 15.52க்கு யார் பேசினார், எதைப் பற்றிப் பேசினார், நடுவில் என்ன இசை என்று நிமிஷவாரியாகக் குறிக்க வேண்டும். அனுப்புகிற இடத்தில் உட்கார்ந்திருக்கிற இன்ஜினியருக்கு, வானத்தில் முட்டித் திரும்பி அலை விழுகிற இடத்தில் அது எப்படிக் கேட்கிறது என்று தெரியாது. அங்கே ஒரு காது வேண்டும். சம்பளமில்லாத அந்தக் காது நாங்கள். கூலியாகக் கேட்டது ஒரு கியூ.எஸ்.எல். வண்ண அட்டை: ஆமாம், நீர் கேட்டது எங்கள் நிலையத்தைத்தான் என்ற உறுதிமொழி.

கெங்குவார்பட்டியில் இந்த வேலைக்கு மரியாதையும் கிடையாது. அண்ணாந்து பார்த்தால் கொடைக்கானல் மலை. அங்கிருந்து வருகிற பண்பலை 100.5இல் கணீரென்று கேட்கும். டீக்கடை, பஸ், மாந்தோப்புக் காவல் கொட்டகை எங்கேயும் அதுதான். "ஏண்ணே, கொடை எஃப்.எம். இவ்வளவு தெளிவா இருக்கையில இந்தக் கரகரப்ப எதுக்குண்ணே கட்டிக்கிட்டு அழுகுறீங்க?" என்று பக்கத்து வீட்டுத் தம்பி கேட்பான். கண்ணுக்கெதிரே மலைமேல் நிற்கிற கோபுரத்தைக் கேட்பதற்கும் கடல் தாண்டி வருவதைக் கேட்பதற்கும் உள்ள வித்தியாசத்தை நான் விளக்க ஆரம்பிப்பேன். பாதியிலேயே அவன் போனை எடுத்துவிடுவான்.

அந்தப் போனின் சார்ஜர்தான் இன்னொரு எமன். குண்டு பல்பு எரிந்த காலத்தில், பொழுது சாய்ந்துவிட்டால் 41 மீட்டர் பேண்டில் நிலையங்கள் நெருக்கியடித்துக்கொண்டு கேட்கும். இப்போது எல்.இ.டி. பல்பு, செட்டாப் பாக்ஸ், இன்வெர்ட்டர், சார்ஜர். ஒவ்வொன்றுக்குள்ளும் மின்சாரத்தை விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை வெட்டி வெட்டிக் கொடுக்கிற சர்க்யூட் இருக்கிறது. அது கக்குகிற இரைச்சல் நேராகச் சிற்றலையில் வந்து உட்காருகிறது. கரண்ட் போனால்தான் எனக்கு நல்ல காலம். தெருவே விசிறியைத் தேடிச் சலித்துக்கொண்டிருக்கும்போது நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடுவேன். "ஊருக்கே கரண்டு போனா இவருக்கு மட்டும் தீவாளி" என்பாள் வீட்டுக்காரி.

இவ்வளவு பாடுபட்டு எழுதிய ஒரு ரிப்போர்ட்டுக்கு, நான் மறந்தேபோன ஒரு சமயத்தில் பதில் வந்தது. வழவழவென்று அட்டை, முன்பக்கம் ஏதோ பனிமலை. திருப்பினால் அச்சடித்த வாசகம்: இன்ன தேதியில், இன்ன நேரத்தில், இன்ன கிலோஹெர்ட்ஸில் எங்கள் ஒலிபரப்பைக் கேட்டதை உறுதிசெய்கிறோம். 'இன்ன' வர வேண்டிய மூன்று இடத்திலும் வெறும் கோடு. கையெழுத்துக்குப் பதில் ரப்பர் ஸ்டாம்பு, அதுவும் பாதிதான் விழுந்திருக்கிறது. உறுதி செய்கிறார்களாம்! எதை? பெண் பெயரும் மாப்பிள்ளை பெயரும் போடாத கல்யாணப் பத்திரிகையை வைத்துக்கொண்டு எந்த மண்டபத்துக்குப் போவது? ரிப்போர்ட்டில் நான் கொடுத்த எண்களைப் பார்த்து எழுத ஒரு நிமிஷம் ஆகுமா? அந்த ரிப்போர்ட்டை அனுப்பப் போனபோதுகூட, டவுன் தபால் ஆபீஸ் கவுண்டரில் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மெயில் அனுப்பிடலாமே சார்" என்று அறிவுரை சொல்லித்தான் ஸ்டாம்பைக் கொடுத்தார்கள்.

நேயர்கள் பக்கமும் நியாயம் குறைவுதான். இலங்கை வானொலி ஒரு பாட்டைப் போடுமுன் அதை விரும்பிக் கேட்டவர்களின் பெயரையும் ஊரையும் வரிசையாக வாசித்த காலத்திலேயே, பெயர் காற்றில் வருகிற ருசி நம்மவர்களுக்கு ஏறிவிட்டது. பிறகு நேயர் மன்றங்கள் வந்தன. ஒரே கருத்தைப் பத்துப் பேர் பெயரில் நகலெடுத்து அனுப்புகிற மன்றங்களை நான் அறிவேன். குறுக்கீடு இருந்ததா, ஒலி விட்டு விட்டு வந்ததா என்ற பேச்சே கிடையாது. அருமை, மிக அருமை, மிக மிக அருமை. சில நிலையங்களும் இந்த வருஷம் இத்தனை கடிதம் என்று மூட்டையை எண்ணிப் பெருமைப்பட்டன. மூட்டைக்குள் என்னுடைய சின்போ 43433 எந்த மூலையில் கிடந்ததோ.

இதற்கு நடுவிலும் மனசு குளிர்ந்த இடங்கள் உண்டு, இல்லையென்றால் பாவம். சீன வானொலி 1963இல் தமிழ் ஒலிபரப்பைத் தொடங்கியது. கலையரசி, இலக்கியா என்று தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்ட சீனத்துப் பெண்கள் நம் கடிதங்களை நம் மொழியிலேயே வாசித்துப் பதில் சொல்வார்கள். சொல்லுக்குச் சொல் நிறுத்தி உச்சரிக்கிற அந்தத் தமிழைக் கேட்டால், இவர்கள் நம்மூர்ப் பக்கம் வந்தால் இலை போட்டுச் சோறு போட வேண்டும் என்று தோன்றும்.

இருந்தவை ஒவ்வொன்றாகப் போயின. பி.பி.சி. தமிழோசைக்கு விதை போட்டது 1941 மே 3. ஈழப் போர்க் காலமெல்லாம் இரவு 9.15க்குப் பெட்டியைச் சுற்றி ஆட்களைக் கூட்டிய அந்தச் சிற்றலை ஒலிபரப்பு, 2017 ஏப்ரல் 30ஆம் தேதியோடு ஓய்ந்தது. மணிலாவின் வேரித்தாஸ் வானொலி 2018 ஜூன் 30இல் சிற்றலையை விட்டது. மாஸ்கோ வானொலியும் போய்விட்டது.

எரிச்சலிலும் எரிச்சல் எது தெரியுமா? 2024இல் சூரியன் தன் 11 வருஷச் சுற்றின் உச்சத்துக்கு வந்தது. கரும்புள்ளிகள் கூடினால் மேலே இருக்கிற அயனி மண்டலம் வலுக்கும். மற்ற வருஷங்களில் வானத்தைத் துளைத்துக்கொண்டு போய்விடுகிற உயர் அலைவரிசைகள்கூடத் திரும்பிப் பூமிக்கு வரும். 16 மீட்டர், 13 மீட்டர் பேண்டெல்லாம் பகலில் திறந்து கிடக்கும். அந்தக் கரும்புள்ளிகளை நூறு வருஷத்துக்கும் மேலாகப் படமெடுத்து வைத்திருக்கிற ஆய்வுக்கூடம் எங்கள் தலைக்கு மேலேயே இருக்கிறது. கொடைக்கானலில் 1899இல் அமைத்தது. கரும்புள்ளிக்குள் வாயு வெளிப்புறமாகப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909இல் கண்டுபிடித்தது அங்கேதான். சூரியன் தன் வேலையைப் பார்க்கிறது, மலைமேல் இருக்கிறவர்கள் தங்கள் வேலையைப் பார்க்கிறார்கள், கீழே நான் மாடியில் கம்பி கட்டிக் காத்திருக்கிறேன். பேசத்தான் அந்தப் பக்கம் ஆளில்லை.

செயலியில் கேளுங்கள் என்கிறார்கள். கேட்கலாம். குறுக்கீடு இல்லை, ஏற்ற இறக்கம் இல்லை, எந்நேரமும் 55555. எதை ரிப்போர்ட் எழுதுவது? விட்டு விட்டு வந்தால் அது எனக்கும் சிம்கார்டு கம்பெனிக்கும் உள்ள வழக்கு, நிலையத்துக்கு அதில் ஒன்றுமில்லை. எனக்கு இருந்த வேலையே போய்விட்டது என்பதுதான் விஷயம்; பாட்டும் செய்தியும் எங்கேயும் கிடைக்கும். கருத்துச் சொல்ல வாட்ஸப் எண் கொடுக்கிறார்கள். விரிவாக எழுதி அனுப்பினால் பதிலுக்குக் கட்டைவிரல் ஒன்று வருகிறது. இதற்கு அந்த வெற்று அட்டையே தேவலை, பனிமலையாவது இருந்தது.

சிற்றலையை இன்னும் விடாத நிலையங்கள் சில இருக்கின்றன. மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் அலைவரிசைப் பட்டியலை மாற்றிக்கொண்டு எப்படியோ ஓட்டுகிறார்கள். அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். நீங்களும் மூடுவீர்கள், தெரியும். தடுக்க நான் யார்? மூடுகிற அன்றைக்கு, கடைசி ஒலிபரப்புக்கென்று ஓர் அட்டை அச்சடித்துவிடுங்கள். ரிப்போர்ட் அனுப்புகிற ஆட்கள் இப்போது கைவிட்டு எண்ணுகிற அளவுதான், செலவு ஒன்றும் ஆகாது. தபால் காசை முன்கூட்டியே அனுப்பச் சொன்னாலும் அனுப்புகிறேன். தேதி, நேரம், அலைவரிசை மூன்றையும் பேனாவால் எழுதுங்கள். முகவரியில் சந்தேகம் வந்தால் வத்தலக்குண்டு–பெரியகுளம் சாலை, கெங்குவார்பட்டி, ரேடியோக்காரர் வீடு என்று போட்டால் போதும். தபால்காரத் தம்பிக்குத் தெரியும்.